பேசும் பீங்கான்

இதய அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பேச்சிமுத்துவோடு, ஆஸ்பத்திரி ஒரு கழிவறைப் பீங்கானையும் அனுப்பியிருந்தது. அவர் போய் எழுந்ததும் அது கூடம் முழுக்கக் கேட்கும்படி அறிவிக்கும்: "முந்நூறு மில்லி. இதயம் நன்றாக இறைக்கிறது. சிறுநீரகம் நலம்."

ஒன்பதாம் நாள் மதியம் அதுவாகவே பேசியது. "காலையிலிருந்து நூறு மில்லிதான். இதயம் தளர்ந்து, சிறுநீரகத்துக்கு ரத்தம் குறைந்திருக்கலாம். ஆம்புலன்ஸ் புறப்பட்டுவிட்டது."

மனைவி செண்பகவல்லி அவருடைய வேட்டிகளை அள்ளிப் பையில் திணித்தாள்.

"ஏட்டி, பதறாத," என்றார் அவர் தலைகுனிந்தபடி. "மருமக முன்னால அது அளவு சொல்லுது. வெக்கமா இருக்கு. அதான் கொல்லையில எலுமிச்ச மரத்தடிக்குப் போயிட்டேன்."

"எத்தன தடவ?"

"மூணு."

அழுதுகொண்டே அவர் தோளில் ஓர் அடி வைத்தாள். வாசலுக்கு வந்த ஆம்புலன்ஸை மன்னிப்புக் கேட்டுத் திருப்பி அனுப்பினாள்.

மறுநாள் காலை அவர் கழிவறைக்குள் போனதும் அடுக்களையில் மிக்ஸி அலறத் தொடங்கியது.

"அத்தை, ஜார் காலியால்ல இருக்கு?" என்றாள் மருமகள்.

"இருக்கட்டும்," என்றாள் செண்பகவல்லி, கழிவறைக் கதவு திறக்கும்வரை கையை எடுக்காமல்.