கை காட்டிய இடம்

காவல்படகிலிருந்து மைக் மறுபடியும் கத்தியது.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கடலில் காறித் துப்பினான்.

எதிரே தூண். அடியில் மஞ்சள், மேலே வெள்ளை, உச்சியில் மூன்று இறக்கைகள். கடலுக்குள் இப்படி வரிசை வரிசையாக நட்டுவைத்திருக்கிறார்கள். எல்லாக் காற்றாடிகள் மேலும் அவனுக்கு எரிச்சல்தான். ஆனால் இந்த ஒன்றை ஆள்போலவே வெறுத்தான்.

இதன் அடியில்தான் அவனுடைய பார் கிடக்கிறது.

பார் என்றால் கடலடிப் பாறை. கலவாவும் விளமீனும் குடியிருக்கும் இடம். கரையில் கோயில் கோபுரமும் பின்னால் மலைப்பிளவும் ஒரே நேராக வந்தால் அங்கே தூண்டில் இறக்கலாம். அப்பா சாகிற நேரத்தில் அவன் காதில் மட்டும் சொன்ன குறி அது. அண்ணன் பர்னபாஸை வெளியே அனுப்பிவிட்டுத்தான் சொன்னார். பிறகு இவனை வெளியே அனுப்பிவிட்டு, அண்ணன் காதில் வேறொரு பாரைச் சொன்னார்.

அண்ணனுக்குச் சொன்னதுதான் பெரிய பார் என்று அவனுக்கு நிச்சயம். அண்ணனோ இவனுக்குச் சொன்னதுதான் பெரியது என்று நினைத்தான். அன்றோடு பேச்சு முறிந்தது.

“ஓய் மாமா, ஒமக்குத்தான் சொல்லுதேன். தள்ளிப் போம் வேய்!”

மைக்கில் கத்தியது ததேயு. ஒரே தெருக்காரன்தான். காற்றாடிக் கம்பெனியில் காவல் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஊரில் யாரும் அவனோடு அன்னந்தண்ணி புழங்குவதில்லை. அதனால் மைக் கையில் இருந்தால் அவனுக்குக் கொண்டாட்டம்.

“நீரு கையக் காட்டுன எடத்த ஒமக்கே விட்டிருக்குல்லா. அங்கன போய்ப் போடும்!”

அதுதான் சுட்டது.

போன வருடம் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். மீன் கிடக்கும் பாரைக் காட்டுங்கள், அங்கே தூண் வராது என்றார்கள். ஒவ்வொருவராகப் படகில் ஏற்றிக் கடலுக்குக் கூட்டிப் போனார்கள்.

பெண்டாட்டிக்கே சொல்லாத பாரை, தொப்பி போட்ட எவனோ ஒருத்தனுக்குக் காட்டுவதா? காட்டினால் மறுநாள் காலையில் ஊரிலுள்ள அத்தனை வள்ளமும் அங்கே நிற்கும்.

ஒன்றுமில்லாத மணல்வெளிக்குப் போய், இங்கேதான் என்று கையைக் காட்டினான். அடையாளத்துக்கு மஞ்சள் மிதவையை அவனே தூக்கிப் போட்டான். போடும்போது சிரிப்பை அடக்க முடியவில்லை.

கம்பெனி சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. மிதவையைச் சுற்றி ஒரு தூண்கூட இல்லை. மணல் பத்திரமாக இருக்கிறது.

அதைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை. ஏமாற்றிவிட்டார்கள் என்று ஊரில் எல்லாரையும்விடச் சத்தமாகத் திட்டுகிறவன் அவன்தான். திட்டிவிட்டு வந்து படுத்தால் தூக்கம் வருவதில்லை. பல நாளாக வெறும் வள்ளத்தோடுதான் கரையேறுகிறான். இந்தப் பருவமும் கைவிட்டால் வள்ளத்தை விற்க வேண்டியதுதான்.

இன்ஜினைத் திருப்பினான்.

தன் மிதவைக்கு அல்ல. அங்கே என்ன கிடக்கிறது என்று அவனுக்குத் தெரியாதா?

அண்ணன் போட்ட மிதவைக்கு.

அண்ணன் ஒரு அசடு. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போய் முன்வரிசையில் முழங்காலிடுகிறவன். கேட்டவனுக்கு உண்மையைத்தான் காட்டியிருப்பான். அவன் மிதவை இவனுடையதிலிருந்து கூப்பிடு தூரம்தான். பாவி, இத்தனை வருடம் இங்கேயா பிடித்தான் என்று அன்றைக்கே இவனுக்கு வயிறு எரிந்தது.

அடுத்தவன் பாரில் தூண்டில் இறக்குவது அவன் ஊரில் அடுத்தவன் அடுக்களைக்குள் நுழைவது மாதிரி. இருக்கட்டும். அண்ணன்தானே.

போகிற வழியில் தன் மிதவையை ஒட்டி ஒரு வள்ளம் நிற்பதைப் பார்த்தான். வெயில் கண்ணில் அடித்தது, ஆள் தெரியவில்லை. எவனோ ஒரு முட்டாள், நம்பி வந்திருக்கிறான். மனதுக்குக் கொஞ்சம் இதமாக இருந்தது.

அண்ணன் மிதவையருகே இன்ஜினை நிறுத்தித் தூண்டிலை இறக்கினான். ஈயக்குண்டு பாறையில் பட்டால் விரலில் டொக்கென்று தெரியும்.

தூண்டில் நரம்பு போய்க்கொண்டே இருந்தது.

நின்றது.

தட்டவில்லை.

இழுத்து, கொஞ்சம் தள்ளி இறக்கினான். மெத்தென்றது.

மணல்.

அப்படியென்றால் அண்ணனும் பொய்யாகத்தான் கையைக் காட்டியிருக்கிறான். அவனுடைய பாரும் ஏதோ ஒரு தூணுக்கு அடியில்தான் கிடக்கிறது.

“திருட்டுப்பய,” என்றான் வாய்விட்டு.

கண்ணுக்குமேல் கையை வைத்து, தன் மிதவையருகே நின்ற அந்த வள்ளத்தை மறுபடி பார்த்தான். நீல வள்ளம். அதில் அண்ணன். நரம்பை இழுத்து, கொஞ்சம் தள்ளி இறக்கிக்கொண்டிருந்தான்.

அண்ணனும் நிமிர்ந்தான்.

தூரத்தில் காற்றாடிகள் சுற்றிக்கொண்டிருந்தன.

அப்பா போன பிறகு முதல்முறையாக அண்ணன் அவனிடம் வாய் திறந்தான்.

“மீனு கெடக்கா லே?”

அவன் தொண்டையைச் செருமினான்.

“நெறைய!”

“இங்கனயும்தான்!” என்றான் அண்ணன்.

இருவரும் தூண்டிலை மறுபடியும் மணலில் இறக்கினார்கள்.