எபினேக்குப் போகும் கிளப்

பாரிசின் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவிலுள்ள தேநீர்க்கடையின் கண்ணாடிக் கதவில் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. சந்திப் பாலத்தில் மெற்றோ ரயில் ஓடும்போதெல்லாம் கதவு கிடுகிடுக்கிறது. றெமிஜியசின் கால் மேசைக்குக் கீழே ஓயாமல் ஆடுகிறது. பதினெட்டு வருடமாக அவர் இந்தப் பகுதித் தமிழ் உதைபந்தாட்டக் கிளப்பின் ரசிகர். எதிரே வலன்ரைன், போன ஞாயிறு விளையாடியவர்களுக்கு ஒரு துண்டுக் காகிதத்தில் பத்துக்குப் புள்ளி போட்டுக்கொண்டிருக்கிறான். கோல்கீப்பருக்கு நாலு. “நாலோ? அவன் பிடிச்ச பெனால்ற்றி உமக்குத் தெரியேல்லையோ?” “விட்ட மூண்டு கோலும் தெரிஞ்சது அண்ணை.” றெமிஜியஸ் பேனாவைப் பறித்து, நாலை வெட்டி ஏழாக்குகிறார்.

“ஏன் அண்ணை இந்தக் கோவம்? வாற வருசம் கிளப்பே நகரத்துக்கு வெளியிலை, எபினேக்குப் போகுதாம். அங்கை நல்ல மைதானம் கிடைக்குதாம்.” “ஓம், கேள்விப்பட்டனான்,” என்கிறார். பேனாவின் மூடியைக் கழற்றுகிறார், மாட்டுகிறார், மறுபடியும் கழற்றுகிறார். ஞாயிறுகளில் உணவகச் சமையலறையிலிருந்து அவரை இரண்டு மணிக்குத்தான் விடுவார்கள். இப்போதைய மைதானத்துக்கு ஓட்டமும் நடையுமாய்ப் போனால் இரண்டரை மணி விசிலுக்கு முன்னே வேலிக்கரையில் நின்றுவிடலாம். எபினேக்கு ரயில் பிடித்துப் போய்ச்சேரவே ஒன்றேகால் மணித்தியாலம் ஆகும். “நீங்கள் வருவியள்தானே அண்ணை?” தேநீரில் ஆடை படிந்துவிட்டது. அதை விரலால் ஒதுக்குகிறார். “வருவன்,” என்கிறார். “ரெண்டாம் பாதிக்கு.”