டைமிங் பெல்ட் பார்த்த முகம்

அந்த இரண்டு கார்களும் சர்வீஸுக்கு வரும்போதெல்லாம் அடுத்தடுத்துதான் நிற்கும். ஒன்றில் டைமிங் பெல்ட், மற்றதில் டைமிங் செயின். என்ஜினின் வால்வுகளை நேரம் தப்பாமல் திறந்து மூட வைப்பதுதான் இரண்டுக்கும் வேலை.

பெல்ட்டுக்கு ஓர் ஏக்கம் உண்டு. செயின் கொஞ்சம் தளர்ந்தாலே கலகலக்கும். உடனே மெக்கானிக் ஞானப்பன் ஸ்க்ரூ டிரைவர் முனையை என்ஜினில் ஊன்றி, பிடியில் காதை வைத்துக் கேட்பார். ரப்பர் பெல்ட்டுக்குச் சத்தம் போட வராது. அதற்கு யாரும் காது கொடுத்ததில்லை.

லட்சம் கிலோமீட்டர் ஆகிவிட்டது, மாற்றியாக வேண்டும் என்று, ஒரு கீறல்கூட இல்லாத பெல்ட்டை இன்று கழற்றி, பக்கத்துக் காரின் பேட்டரி மேல் போட்டார் ஞானப்பன்.

"நீ கொடுத்து வச்சவன்," என்றது பெல்ட். "உன் சத்தத்தை எத்தனை தடவை கேட்டிருக்கார்."

"கேட்டு என்ன?" என்றது எண்ணெய் இருட்டுக்குள்ளிருந்து செயின். "பதினஞ்சு வருஷமா அவரை நான் பார்த்ததே இல்லை. நீதான் வெளியே வந்துட்டியே, அவர் முகம் எப்படி இருக்கு?"

செயின் இருந்த காரை ஸ்டார்ட் செய்துவிட்டு, ஞானப்பன் ஸ்க்ரூ டிரைவரை ஊன்றிக் குனிந்தார். அந்த முகத்தைப் பெல்ட் வெகு பக்கத்தில் பார்த்தது.

"உன் சத்தத்தைக் கேக்கும்போது," என்றது மெதுவாக, "கண்ணை மூடிக்கிறார்."