வழிகாட்டியின் கையெழுத்து

பவளப்பாறைகளை ஆராய்ந்த இசக்கியப்பன் துணைவேந்தரானதும், அவர் ஏற்பாடு செய்த, அவர் குரலில் பேசும் எந்திரம் ஒன்று அவருடைய ஆய்வு மாணவர்களைத் தொலைபேசியில் வழிநடத்தியது. பேசுவது எந்திரம் என்று மாணவர்களுக்குத் தெரியாது.

நான்காம் ஆண்டில் அவருடைய ஆய்வு மாணவி உமையாள் ஆய்வேட்டுடன் நேரில் வந்தாள். ‘என் வழிகாட்டுதலில் நடந்த ஆய்வு’ என்ற வரிக்குக் கீழே அவர் கையெழுத்திட வேண்டும். பேனாவைத் திறந்தவருக்கு மனம் உறுத்தியது. ஏதாவது பேச வேண்டுமே என்று, “அம்மா நல்லாருக்காங்களாம்மா?” என்றார்.

அவள் முகம் மாறியது.

“அம்மா போய் ரெண்டு வருஷமாச்சே சார். அன்னைக்கு போன்ல நீங்களும்தான அழுதீங்க? அதனாலதான நான் படிப்ப விடல?”

அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, “அது நான் இல்லம்மா” என்றார்.

அவள் ஆய்வேட்டை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“அப்ப இதுல யாரு சார் கையெழுத்துப் போடணும்?”