தெர்மாகோல் மேடு

கலியன் இன்னும் சாகவில்லை. மேட்டின் உச்சியில், பாறை மறைவில், மெஷின்கன்னைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டிருந்தான்.

ஆறிப்போன சாயாவைக் கையில் வைத்துக்கொண்டு பவுன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் சுண்டுவிரல் உயரம்தான் இருந்தான். மேடு தெர்மாகோல். அதில் மரத்தூள் ஒட்டிப் பச்சை பெயிண்ட் அடித்தது அவள் மகன் அனிருத்.

கராடியில் ஒரு கல்லூரி ஹாலில் நடந்த மேஜைப் போர் விளையாட்டுக் கண்காட்சி அது. வடாபாவ் தின்றுகொண்டே சாம்ராஜ்யங்களைக் கவிழ்க்கிற ஐ.டி. பிள்ளைகள் ஹால் முழுக்க நின்றார்கள். அனிருத்தும் அந்தப் பைத்தியங்களில் ஒருத்தன்தான். தான் கைக்குழந்தையாக இருந்தபோது எல்லையில் செத்துப்போன அப்பாவை அவன் போட்டோவில் பார்த்ததோடு சரி. அப்பாவின் கடைசிச் சண்டையை இந்த வருஷம் மேஜைமேல் ஏற்றியிருந்தான்.

அதைப் பார்க்கவா பவுன் தேஹு ரோட்டிலிருந்து ரயிலும் பஸ்ஸும் மாறி வந்தாள்? இல்லை. நம் பக்கம் ஆட வந்திருந்த கர்னல் பட்வர்தனைப் பார்க்க வந்தாள். அன்று கலியனுக்கு மேஜர் அவர்தான்.

கீழே இருந்த கம்பெனியைப் பின்வாங்கச் சொல்லிக் காப்பாற்றியவர், மேட்டில் தனியாக இருந்த ஒருவனை மறந்துவிட்டார் என்று குவார்ட்டர்ஸில் பேசிக்கொண்டார்கள். துக்கம் கேட்க அவர் வந்தபோது பவுன் கதவையே திறக்கவில்லை. அழுது ஓய்ந்த பிறகு அவளிடம் மிஞ்சியது ஒரே கேள்விதான். அவனை ஏன் கூப்பிடவில்லை? இன்றைக்கு அதைக் கேட்காமல் வீடு திரும்புவதில்லை என்று இருந்தாள்.

அனிருத் அவள் பக்கத்தில் வந்து ஆட்டத்தை விளக்கினான். ஒரு சுற்றுக்குத் தளபதி ஒரே ஓர் உத்தரவுதான் போடலாம். போட்டதும் பகடை உருட்ட வேண்டும். எண் சரியாக விழாவிட்டால் உத்தரவு வீண்.

"சேதி போய்ச் சேரணும்மா. சேர்ந்தாலும் ஆளு கேக்கணும். ரெண்டுக்கும் சேர்த்துதான் பகட. எல்லா மேஜைக்கும் இதே ரூல்தான்."

கர்னல் மேட்டைக் காட்டினார். கலியன் பின்வாங்கட்டும் என்றார். பகடை உருண்டது, எண் விழவில்லை.

அடுத்த சுற்றிலும் அதே உத்தரவைப் போட்டார். அதற்கடுத்ததிலும் அதுதான். எதிரில் ஆடிய கேஷவுக்கே பாவமாகிவிட்டது. மேலே இருப்பவன் சுட்டுக்கொண்டிருக்கட்டும், அந்த மறைவில் கீழே இருக்கிறவர்களை நகர்த்துங்கள் அங்கிள் என்று இந்தியில் சொல்லிப் பார்த்தான். கர்னல் தலையை ஆட்டிவிட்டு மறுபடி மேட்டைக் காட்டினார்.

மேட்டுக்குக் கீழே ஓடைப் பள்ளத்தில் சிக்கிய கம்பெனி கொத்துக் கொத்தாக விழுந்தது. இந்தப் பெரியவருக்கு ஆடவே தெரியவில்லை என்று யாரோ சிரித்தார்கள். பவுனுக்கு நெஞ்சுக்குள் ஒன்றும் அசையவில்லை. கோபம்கூட வரவில்லை. வந்திருக்க வேண்டுமே என்று மட்டும் தோன்றியது.

கடைசியில் கேஷவின் ஆட்கள் மேடேறினார்கள். அவன் கலியனை இரண்டு விரலால் எடுத்து, மற்ற பிணங்களோடு ட்ரேயில் போட்டான். கர்னல் ஓர் ஆள் மிச்சமில்லாமல் தோற்றிருந்தார்.

கூட்டம் அடுத்த மேஜைக்கு நகர்ந்ததும் பவுன் போய் அவர் முன்னால் நின்றாள். அவள் யாரென்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் எழுந்து, தமிழ்ச் சிப்பாய்களிடம் பழகிய தமிழில் அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. எத்தனையோ வருஷமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த கேள்வி, கடையில் விலை கேட்கிற குரலில்தான் வந்தது.

"இன்னிக்கு இத்தினி தபா கூப்ட்டீங்களே சார். அன்னிக்கு ஒரு தபா கூப்ட்டிருக்கக் கூடாதா?"

ஹால் முழுக்கப் பகடைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கர்னல் அனிருத்தை ஒருமுறை பார்த்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"கூப்பிட்டேன்மா. வரமாட்டேன்னு கலியன்தான் ரேடியோவ அணைச்சுட்டான்."