மூலை வீட்டு ஆராய்ச்சி

"தனியா இருக்கற பெரியவரை இப்படியா ஏமாத்துறது? நான் செயலாளரா இருக்கற வரைக்கும் இதை விடமாட்டேன் மாப்பிள்ளை!"

குடியிருப்போர் சங்கச் செயலாளர் படியேறும்போதே பொரிந்து தள்ளினார். பின்னால் மூச்சு வாங்கியபடி அவருடைய மாப்பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டுக்குச் சாப்பிட வந்த மனுஷனை, கை கழுவியதும் கழுவாததுமாக இழுத்து வந்திருந்தார்.

விஷயம் இதுதான். மேல் மாடி மூலை வீட்டில் ஓய்வுபெற்ற டிக்கெட் பரிசோதகர் ஒருவர் தனியாக இருக்கிறார். பக்கத்து வீட்டில் ஒரு வீடியோ எடிட்டர் பெண். அவள் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியதும், பழையதைப் பரிசோதகர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். மருந்து ஆராய்ச்சிக்காம். குளிர் ஆரம்பித்ததிலிருந்து அது ஓயாமல் உறுமிக்கொண்டிருக்கிறது.

"ஆராய்ச்சிக்குக் கம்ப்யூட்டரை இரவல் கொடுக்கறது நிஜம்தான் மாமா. நானும் கொடுக்கறேன். ஒரு பெரிய கணக்கைத் துண்டு துண்டா பிரிச்சு, உலகம் பூரா ஆர்வம் இருக்கறவங்களுக்கு அனுப்புவாங்க. நம்ம கம்ப்யூட்டர் அதைப் போட்டுக் கொடுக்கும்."

"அப்ப அவ வீட்டுலயே வெச்சுக்க வேண்டியதுதானே? இவர் தலையில எதுக்குக் கட்டணும்? கரண்ட் யாரோடது?"

மாப்பிள்ளைக்கும் அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது.

கதவைத் திறந்த பரிசோதகருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "வாங்க, வாங்க! ஆராய்ச்சியைப் பார்க்க வந்தீங்களா?"

பேச்சுக்குரல் கேட்டுப் பக்கத்து வீட்டு எடிட்டரும் வந்து நின்றாள்.

"உங்களுக்கு இது தொந்தரவா இல்லையா சார்?" என்றார் செயலாளர்.

"தொந்தரவா? சர்வீஸ்ல இருந்தவரைக்கும் யார்கிட்டயும் ஒரு டீகூட ஓசியில குடிச்சவன் இல்ல நான். இந்த வயசுலயும் நாலு பேருக்கு உபயோகமா இருக்கேனே! பாப்பா தன் வீட்டுல இடமில்லைன்னு கேட்டா, தாராளமா வெச்சுக்கோம்மான்னுட்டேன். இருங்க, டீ போடறேன்."

அவர் சமையலறைக்குள் போனதும் மாப்பிள்ளை மேஜைக்கடியில் குனிந்தார். எந்த கிராபிக்ஸ் கார்டு எந்த ஆராய்ச்சிக்கு ஒத்துவரும் என்ற பட்டியல் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். மனைவியின் பிறந்தநாள்தான் அவ்வப்போது மறந்துபோகும்.

உள்ளே எட்டிப் பார்த்தவரின் முகம் மாறியது.

"மாமா, இந்தக் கார்டு ஆகாது."

"அப்படின்னா?"

"ரொம்பப் பழசு. எந்த ஆராய்ச்சித் திட்டத்துலயும் இதை இப்ப ஏத்துக்கறதில்ல. திரையில கலர் கலரா ஒரு உருண்டை சுத்துது பாருங்க. அது ஆராய்ச்சியே இல்ல. கார்டு எவ்வளவு சூடு தாங்கும்னு சோதிக்கற புரோகிராம். இங்க ஒரு கணக்கும் நடக்கல."

"நான் சொல்லல?" செயலாளரின் குரல் எகிறியது. "என்னம்மா, விவரம் தெரியாதவர்னு உன் குப்பையை இங்க தள்ளிட்டு, அவர் கரண்டையும்..."

"சார், மெதுவா பேசுங்க சார்." எடிட்டர் பதறிப்போய் சமையலறைப் பக்கம் பார்த்தாள்.

அதற்குள் மாப்பிள்ளை ஒயரைப் பிடித்துக்கொண்டே போயிருந்தார். அது ஜன்னல் இடுக்கு வழியாக வெளியேறி, அடுத்த வீட்டு ஜன்னலுக்குள் நுழைந்திருந்தது.

"கரண்ட் உங்க வீட்டுலேர்ந்தா வருது?"

அவள் தலையாட்டினாள்.

"இந்த வீட்டுக்கு மட்டும் ரூமைச் சூடாக்கற வெந்நீர்க் குழாய் அடைச்சுக் கிடக்கு. சூடே வர்றதில்ல. சொல்ல வேண்டிய இடத்துல சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு. போன குளிர்ல ஐயா நெஞ்சுச் சளி முத்தி ஆஸ்பத்திரியில கிடந்தார். நான் ஒரு ஹீட்டர் வாங்கிக் கொடுத்தேன். ஓசியில எதுவும் வேண்டாம்னு கையோட திருப்பிக் கொடுத்துட்டார். உதவி செஞ்சா வாங்கிக்க மாட்டார். ஆனா உதவின்னு கேட்டா மாட்டேன்னு சொல்ல மாட்டார். அதான் கேட்டேன்."

மாப்பிள்ளை கம்ப்யூட்டருக்குப் பின்னால் கையை நீட்டிப் பார்த்தார். வெதுவெதுப்பான காற்று நேரே பரிசோதகரின் கட்டிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. பெரிய நிபுணர் மாதிரி தீர்ப்புச் சொன்னோமே என்று அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"உண்மை தெரிஞ்சா இன்னைக்கே எடுத்துட்டுப் போகச் சொல்லிடுவார். இந்தக் குளிரை ஐயா தாங்க மாட்டார். தயவுசெஞ்சு அவர்கிட்ட சொல்லிடாதீங்க," என்றாள் எடிட்டர்.

பரிசோதகர் டீத் தட்டோடு வந்தார்.

"என்ன தம்பி, ஆராய்ச்சி ஒழுங்கா நடக்குதா?"

மாப்பிள்ளை மாமனாரைப் பார்த்தார். எடிட்டரும் அவரைத்தான் பார்த்தாள். பொதுக் காரியம் என்று வந்துவிட்டால் முகதாட்சண்யம் பார்க்காதவர் என்று பெயர் எடுத்தவராயிற்றே, போட்டு உடைத்துவிடப் போகிறார் என்று இருவருக்கும் பகீரென்றது.

செயலாளர் டீயை எடுத்து நிதானமாக ஒரு வாய் குடித்தார்.

"பிரமாதமா நடக்குது சார்! நம்ம குடியிருப்புக்கே பெருமை. யார் என்ன சொன்னாலும் நிறுத்திடாதீங்க."

பரிசோதகர் பூரித்துப்போனார். எடிட்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

இத்தனை நாளாக மாமனாரை வெறும் வாய்ச்சவடால் என்றே நினைத்திருந்த மாப்பிள்ளைக்கு வெட்கமாகப் போயிற்று. படியிறங்கும்போது மனசுவிட்டுச் சொன்னார்.

"உங்களுக்கு ரொம்பப் பெரிய மனசு மாமா."

"பின்னே என்ன மாப்பிள்ளை? அந்த மூலை வீட்டுக் குழாயை மாத்துங்க, மாத்துங்கன்னு மூணு வருஷமா ஒவ்வொரு சங்கக் கூட்டத்துலயும் அந்தப் பொண்ணு என் உயிரை வாங்கிட்டிருந்தா. இனிமே அதை மாத்த வேண்டிய அவசியமே இல்ல பாருங்க!"