கைநாட்டு

ஓவியர் திலீப் செல்லியம்மாவுக்குத் தரவேண்டிய கூலி எண்ணூற்று ஐம்பது ரூபாய். கேட்கும்போதெல்லாம், "கண்காட்சி முடியட்டும்" என்பார்.

கார்வேட்டிநகரம் கல்யாண மண்டபத்தில் கண்காட்சி தொடங்கியது. ஒரு படத்தின் முன்னால் மட்டும் நல்ல கூட்டம். படத்தில், மை பூசிய கட்டைவிரலை நீட்டியபடி ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தலைப்பு, ‘கைநாட்டு’.

"பாவம்! படிப்பு வாசனையே இல்லாத ஜென்மம்" என்று உச்சுக்கொட்டினார் ஒரு பெரிய மனிதர்.

செல்லியம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "என் கூலி எங்க சார்?"

"படம் விக்கட்டும்மா. பெரியவங்க பாக்கறாங்க, ஓரமா நில்லு."

"நிக்கமாட்டேன்."

மேசையில் கிடந்த மார்க்கரை எடுத்தாள். படத்தின் மேலேயே கொட்டை எழுத்தில் எழுதினாள்: கு. செல்லியம்மா.

"அடிப்பாவி! படத்தக் கெடுத்துட்டியே!" என்று அலறினார் திலீப்.

அப்போதுதான் எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு படத்தைப் பார்த்தார்கள். இரண்டும் ஒரே முகம்.

"உக்காருன்ன, உக்காந்தேன். மை பூசிக்கன்ன, பூசிக்கினேன். கைநாட்டுன்னு பேர் வைப்பேன்னு சொன்னியா? ரெண்டு வருசமா நான் கையெழுத்து போட்டுக்கினு கீறேன்யா! அந்தக் கூலிய நீயே வச்சிக்கோ. படம் கெட்டதுக்கு கழிச்சிக்கோ. கணக்கு தீந்துபோச்சு."